வியாழக்கிழமை ஜோடி

கஸ்பார் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்தபடி ஒவ்வோர் அடியாகக் கூடவே போனாள். "ஒண்ணு... ரெண்டு..." என்று தாளம் வேறு.

ஜன்னலுக்கு வெளியே நின்ற ஐரீனுக்கு வயிறு பற்றியெரிந்தது. இருபது வருஷமாகக் கூடவே குடும்பம் நடத்திய மனுஷன். ராயபுரம் மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில்கூட இவள் கையைப் பிடித்து நடந்ததில்லை.

எதிர்வீட்டு வரலட்சுமி சொன்னபோது முதலில் அவள் நம்பவில்லை. "உன் வூட்டுக்காரரு வியாழக்கிழமையானா ஆஸ்பத்திரி பின்கட்டுல, கவுன் போட்ட பொம்பள ஒருத்தி கைய புடிச்சிகினு கீறாருமே. பேரு ஹில்டாவாம்."

நெருப்பில்லாமல் புகையுமா? துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டிவிட்டு அலுத்து வருகிறவன், வியாழக்கிழமை மட்டும் சோப்பு மணக்கக் குளித்து வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவது ஏனென்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

கோபம் வந்தால் ஐரீனுக்கு வலது கை நடுங்கும். கொஞ்ச காலமாகக் காபி டம்ளரைப் பிடித்தாலே தளும்பியது. "இன்னாத்துக்குமே எந்நேரமும் மூஞ்ச உம்முனு வச்சிகினு கீற? சிரிக்கவே மாட்டேன்றியே" என்று கஸ்பார் கேட்கும்போதெல்லாம், செய்வதையும் செய்துவிட்டுக் கேள்வி வேறா என்று மனதுக்குள் கறுவுவாள்.

ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு ஆகாது. அப்பா நடந்து உள்ளே போய்ப் பெட்டியில் வெளியே வந்த இடம். கஸ்பார் எத்தனையோ முறை கூப்பிட்டும் ஏறாத படியை இன்றைக்குப் பொறாமை ஏற வைத்துவிட்டது.

உள்ளே ஹில்டா சட்டென்று நின்றாள். தரை முழுக்கக் குறுக்கே வரிசையாய் சாக்பீஸ் கோடுகள். கஸ்பார் குனிந்து, கொஞ்சுகிற குரலில் சொன்னான்.

"கோட்ட பாரு... கால தூக்கு... வா, கண்ணு."

கண்ணு! கல்யாணமான புதிதில் அவன் ஐரீனைக் கூப்பிட்ட பேர். அதையும் தூக்கி இவளுக்குக் கொடுத்துவிட்டானா பாவி?

ஐரீன் கதவைத் தள்ளினாள். பாய்ந்து போய் அந்தச் சிறுக்கியின் கொண்டையைப் பிடிக்கத்தான் நினைத்தாள். ஆத்திரத்தில் கால்கள் நிலைப்படியிலேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன.

"யோவ்! கட்னவ குத்துக்கல்லாட்டம் கீறேன். நீ இங்க டான்ஸ் ஆடிகினு கீறியா?"

கஸ்பார் திடுக்கிட்டுக் கையை விட்டான். அப்போதுதான் ஐரீன் சுவரோரத்து பெஞ்சைப் பார்த்தாள். ஒரு பெரியவருக்குத் தலை ஆடிக்கொண்டே இருந்தது. இன்னொருவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குக் கோடு கால் வைத்துத் தத்தினார். 'நடுக்க நோய்ப் பிரிவு' என்று சுவரில் பலகை தொங்கியது.

அத்தனை பொறாமையும் ஒரே நொடியில் அழுகையாக மாறியது.

"ஐயோ மாதாவே! உனக்காய்யா இந்த நோவு? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் ஒரு பாவி, உன்ன போயி இன்னா இன்னாவோ நெனச்சிட்டேனே!"

கோபம் போய்விட்டது. கை மட்டும் நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அங்கே நடைப்பயிற்சி சொல்லித்தரும் ஹில்டா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கஸ்பார் பக்கம் திரும்பி, "ஆஸ்பத்திரின்னாலே பயப்படுவாங்க, எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு தெரியலன்னு சொல்லுவீங்களே, இவங்கதானா? இவங்கள நடக்க வைக்கத்தானே வாரா வாரம் என்னை நோயாளியா நிக்க வச்சுப் பழகினீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

கஸ்பார் தலையாட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டியிட்டு, இன்னமும் நிலைப்படியை விட்டு அசையாத ஐரீனின் கால்களுக்கு முன்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். எழுந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"கோட்ட பாரு... கால தூக்கு... வா, கண்ணு."