லாக்சனைக் கொன்ற யானை

"கிட்டப் போகாதீங்கக்கா. அது ஆளைக் கொன்ன யானை."

ஜீப்பிலிருந்து இறங்கப்போன தமந்தானியைத் தடுத்தான் மசாவுசோ. லுவாங்வா ஆற்றோரக் காட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி ஓட்டுகிறவன் அவன். மழை தொடங்கும் மாதம். பயணிகள் யாரும் வரவில்லை. காடு வெறிச்சோடிக் கிடந்தது.

தமந்தானியின் கணவன் லாக்சன் இதே காட்டில் காவலனாக இருந்தவன். போன வருஷம், வீட்டுக்குப் பின்னால் ஆற்று மணலில் எலும்பெல்லாம் நொறுங்கிச் செத்துக் கிடந்தான். ஒற்றைத் தந்தம் உள்ள கிழட்டு யானை ஒன்று அந்தப் பக்கம் திரிந்துகொண்டிருந்ததால், அதுதான் மிதித்துவிட்டது என்று ஊரே முடிவுகட்டியது. இப்போது அது சோளக் குதிர்களையும் உடைக்கத் தொடங்கிவிட, சுட்டுவிடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. நாளைக் காலையில் துப்பாக்கியோடு ஆட்கள் வருகிறார்கள்.

அதற்குள் ஒருதரம் அதைப் பார்க்க வேண்டும் என்று தமந்தானி வந்து கேட்டாள். மசாவுசோவால் மறுக்க முடியவில்லை. பார்த்தாலாவது மனசு ஆறட்டும் என்று நினைத்தான்.

அவன் கையை உதறிவிட்டு அவள் இறங்கி நடந்தாள். வற்றிய குட்டையைத் தாண்டி, யானையின் எதிரில் போய் நின்றாள். அது காதை விரித்து அவளைப் பார்த்தது. மசாவுசோ வண்டிச் சாவியில் கை வைத்தான். யானையோ, அப்படி ஒருத்தி அங்கே இல்லாததுபோல, மரத்தடியில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தது.

வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். முகம் நனைந்திருந்தது.

"அழாதீங்கக்கா. நாளையோட அண்ணன் கணக்கு தீர்ந்திரும். யானைக் கறியில பெரிய பங்கு உங்களுக்குத்தான்னு ஊர்த் தலைவரே சொல்லிட்டாரு."

அவள் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பேசியபோது குரல் மாறியிருந்தது.

"வீட்டுக்கு வேணாம். போலீஸ்ல இறக்கி விடு."

"போலீஸ் எதுக்கு?"

"யானையைச் சுடக் கூடாதுன்னு சொல்லணும்."

"யாரு கேப்பாங்கக்கா? ஆளைக் கொன்னதைச் சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க. தெரியும்." பாதையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னைக்கும் அவரு குடிச்சிட்டு வந்து எங்க பிள்ளையைப் போட்டு மிதிச்சாரு. என் கையில உலக்கை இருந்துச்சு. அப்புறம், யானை மிதிச்ச மாதிரி தெரியணும்னு, ஆத்து மணலுக்கு இழுத்துட்டுப் போய் மறுபடியும் இடிச்சேன்."