பின்சுவரில் ஓர் ஓட்டை

“இன்ஜின் ஷெட்டுக்கு ஒரு வாசல்தாம்மா. பின்சுவர்ல ஓட்டை போட்டா அசிங்கமா இருக்கும்,” என்றார் மாடல் ரயில் கடைக்காரர்.

“எனக்கு ஓட்டை வேணும்,” என்றாள் தலை நரைத்த அந்தப் பெண்.

“நம்ம ஊர் ஷெட்டை அச்சு அசலா செஞ்சிருக்கோம். பேரனுக்கா வாங்கறீங்க?”

“எனக்குத்தான்.”

அவர் பழைய போட்டோ ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தார். “நீங்களே பாருங்க. ஓட்டை எங்க இருக்கு?”

அவள் பின்சுவரின் நடுவில் விரல் வைத்தாள். “இந்த இடத்துல மட்டும் செங்கல் புதுசா இருக்கு, தெரியுதா?”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நிறம் மாறித்தான் இருந்தது. “ஆமா. எப்படி இடிஞ்சுது?”

“பிரேக் பிடிக்கறதுக்குள்ள இன்ஜின் சுவரை உடைச்சிட்டு வெளியே போயிடுச்சு.”

“எந்தக் கூறுகெட்டவன் ஓட்டினான்?”

“நான்தான் ஓட்டினேன். தனியா ஓட்டின முதல் நாள். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலைன்னு இறங்கச் சொன்னாங்க. நான் இறங்கல. அதுக்கப்புறம் முப்பது வருஷம் ஓட்டினேன்.”

கடைக்காரர் பென்சிலை எடுத்து மாடல் ஷெட்டின் பின்சுவரில் வைத்தார்.

“ஓட்டையைப் பெரிசாவே போடுங்க,” என்றாள்.