தண்டச் செலவு

“ஐயோ, மூஞ்சிக்கு நேரா வருதுடா!” என்று அலறிக்கொண்டே அக்கா சோபாவில் சாய்ந்தாள். தலையில் மாட்டியிருந்த வி.ஆர். பெட்டியைக் கழற்றிவிட்டு, தன்னை நினைத்துத் தானே சிரித்தாள்.

“வெறும் பந்துதான்க்கா. ரெண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுது. அதான் நிஜமாவே கிட்ட வர்ற மாதிரி இருக்கு” என்றான் தம்பி. கம்ப்யூட்டரிலிருந்து நீண்ட ஒயர் காலில் சிக்காமல் ஒதுக்கிவிட்டான்.

தம்பிக்கும் அக்கா கணவருக்கும் துறைமுகத்தில் ஒரே வேலை, கிரேன் ஓட்டுவது. புதிதாக வந்து நிற்கும் பெரிய கிரேன் இருவரில் யாருக்கு என்று மேனேஜர் நாளை சொல்லிவிடுவார். அந்த சீட்டுக்காக இருவரும் முகம் கொடுத்துப் பேசியே பல நாளாகிறது. இன்று தம்பிதான் வலிய வந்திருந்தான்.

மாமா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தார்.

“என்ன மாப்ள, வழி தெரிஞ்சுதா எங்க வீட்டுக்கு?”

“அந்த சீட்டு உங்களுக்குத்தான் மாமா. எனக்கெதுக்கு வம்பு? நான் பாட்டுக்கு வீட்ல கேம் ஆடிக்கிட்டு இருக்கேன். இதை வாங்கினது சரியா தப்பான்னு மட்டும் நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. பெட்டியை மாட்டிக்கொண்டு நின்றார். பந்துகள் வரத் தொடங்கின. அவர் கைகள் காற்றைத் துழாவின, ஒன்றுகூட அகப்படவில்லை.

“கிட்ட வருதா மாமா?”

“எங்க வருது? மானிட்டர்ல பார்க்கிற மாதிரியே தட்டையா கிடக்கு. இதுக்கா இவ்வளவு கொட்டிக் கொடுத்த? தண்டம்டா!”

“எனக்கு நல்லா வந்துச்சேங்க” என்றாள் அக்கா.

“நீ பல்லியைப் பார்த்தாலே கட்டில்ல ஏறுற ஆளு. பேசாம இரு.”

தம்பியின் முகம் தொங்கிப்போனது. “என் தலையில நல்லா மொளகா அரைச்சுட்டான் கடைக்காரன். இப்பவே திருப்பிக் கொடுத்துடறேன் மாமா.”

மாமாவுக்குப் பாவமாகிவிட்டது. அவன் தோளில் தட்டினார். “விடு மாப்ள. பெரிய கிரேன்ல உட்கார்ந்ததும் உன்னை என் கூடவே வச்சுக்கறேன். உன்னை விட்டா எனக்கு யாரு?”

“உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசு மாமா.”

“இருடா, ஒரு வாய் சாப்பிட்டுப் போ” என்று அக்கா தட்டோடு வந்தாள்.

“கடையை மூடிடுவான்க்கா” என்றபடி அவன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

மாடிப்படி இறங்கும்போதே போனை எடுத்தான். மறுமுனையில் மேனேஜர்.

“சார், பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது. மாமாவுக்குத்தான் ஒரு கண்ணு தெரியல.”