டாலர் வாடகை

"நல்லா பாரு தேவகி. மூணு பெட்ரூம். பூமிக்கு அடியில வேற ஒரு ரூம் இருக்குதாம்."

ரேணுகாம்பாள் போனை ஓரகத்தியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். கூரையில் பனி, வாசலில் பனி, நடுவில் ஒரு மரவீடு. வாடகைக்கு விடுவதற்காக அமெரிக்காவில் அவள் வாங்கிப் போட்டிருக்கும் வீடு.

தேவகி படத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண் மெல்லக் கலங்கியதைக் கண்டதும் ரேணுகாம்பாளுக்கு வயிறு குளிர்ந்தது. எரியட்டும் என்று நினைத்தாள். ஆடி மாதத்திலிருந்து தான் எரிந்தது கொஞ்சநஞ்சமா?

ஆடிக் கூழுக்கு ரேணுகாம்பாள் வந்த அன்று, தேவகி வீட்டின் இதே கூடத்தில், இதே மாதிரி ஒரு பனி வீட்டைத் தேவகிதான் காட்டினாள். அவள் புருஷன் கோதண்டபாணிக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் ஜரிகைக் கடை. கடைக்கு வந்த யாரோ அனுப்பிய படமாம்.

"கார் கம்பெனிங்க இருந்த ஊராம் அக்கா. எல்லாத்தையும் மூடிட்டாங்களாம். ஜனங்க வேற ஊருக்குப் போயிட்டதால வீடு சல்லிசா வருதாம். வாடகை மட்டும் மாசாமாசம் டாலர்ல வருமாம். ரெண்டு பெட்ரூம். எப்பிடி இருக்குது, சொல்லுங்க."

ரேணுகாம்பாள் கூழைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"திருப்புட்குழியிலேர்ந்து ரெண்டு தட்டு சீரோட வந்தவ டாலர்ல வாடகை வாங்குவா. மூத்த மருமக நான் இங்க நெல்லு காய வெச்சிக்கினு இருக்கணுமா?"

பரசுராமன் அரிசி மண்டி வைத்திருப்பவர். மண்டியில் அவர் சொல் எடுபடும், வீட்டில் எடுபட்டதில்லை. "அவ்ளோ பணத்துக்கு எங்க போறது?" என்றார்.

"தாமல் ஏரிக்கரை நெலத்தை வித்துடுங்க."

"அது அப்பா கெணறு வெட்டின நெலம். பாகம் பிரிச்சப்ப கோதண்டபாணி அழுதுக்கினே கேட்டான், வேற எதுவும் வேணாம், அதை மட்டும் குடு அண்ணான்னு. நீதான் கூடாதுன்ன. கூடப்பொறந்தவனுக்கே குடுக்காததை விக்கிறதா?"

"அவருக்குத்தான் குடுக்கக் கூடாது. குடுத்தா அவ அங்க வீடு கட்டிக்கினு என் எதிர்லயே கால் மேல கால் போட்டு உக்காருவா. வேற யாருக்காவது குடுங்க."

கொடுத்தார். தரகர் கலைவாணன் திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஒரு பார்ட்டியைக் கூட்டிவந்தார். முன்பின் தெரியாத ஆள், ஆனால் பேரமே பேசவில்லை. பத்திரம் முடிந்ததும் பணம் அமெரிக்காவுக்குப் பறந்தது. மூணு பெட்ரூமுக்கு ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்று ரேணுகாம்பாள் அமெரிக்க வீட்டு ஏஜென்ட்டிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

அந்த வீட்டைப் பார்த்துத்தான் இப்போது தேவகி கண் கலங்கி நின்றாள்.

"குடி வந்துட்டாங்களா அக்கா?"

"வருவாங்க. கூரை கொஞ்சம் ஒழுகுதாம். அதை மாத்திக் குடுத்தாதான் ஆள் வருமாம். அந்தத் தெருவுல பாதி வீடு காலியாத்தான் கெடக்குதாம்…"

ரேணுகாம்பாள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பெருமையடிக்க வந்த இடத்தில் வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பேச்சை மாற்றினாள்.

"அது கெடக்கட்டும். உங்க வீட்டுல இருக்கிறவங்க வாடகை ஒழுங்கா குடுக்கிறாங்களா?"

"எந்த வீட்டுல?"

"அதான், ஆடியில காட்டினியே."

"அதுவா? நாங்க அதை வாங்கவே இல்லியே அக்கா. கண்ணால பாக்காத ஊர்ல எதுக்கு வீடுன்னு இவரு வேணாம்னுட்டாரு. பெரியவங்க உங்களை ஒரு வார்த்தை கேக்கலாம்னுதான் காட்டினேன்."

ரேணுகாம்பாளுக்குத் தேவகி கொடுத்திருந்த காபி கசந்தது. வாங்கிவிட்டோம் என்று இவள் சொல்லவில்லையா? அன்றைய பேச்சை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தாள். சொல்லவில்லை. மிச்சத்தை எல்லாம் தன் வயிற்றெரிச்சலே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இருந்தாலும் குடி முழுகிவிடவில்லை என்று தேற்றிக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் அமெரிக்காவில் வீடு தனக்கு மட்டும்தான். அந்தப் பொறாமை தாங்காமல்தானே இவள் கண்ணில் தண்ணீர் விடுகிறாள்?

"எதுக்குடி அழுவுற? உனக்கும் ஒரு காலம் வரும்" என்றாள் பெரிய மனசு பண்ணி.

"அழுகை இல்ல அக்கா, சந்தோஷம். பாகம் பிரிச்சதுலேர்ந்து இவரு சரியா தூங்கினதே இல்ல. இப்பதான் நல்லா தூங்குறாரு. எல்லாம் நீங்க மனசு வெச்சதுதான்."

தேவகி உள்ளே போய்த் தாம்பூலத் தட்டுடன் வந்தாள். ஓரகத்தியின் நெற்றியில் குங்குமம் வைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை தாமல் நெலத்துல பூமி பூஜை. மொத செங்கல்லை நீங்கதான் வெக்கணும் அக்கா."