நடுங்கிய கோடு

“விசிறிய நிறுத்திட்டியா?”

“நிறுத்திட்டேன்டா. ஃப்ரிட்ஜ், சுவர்க் கடிகாரம், எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. நாயைக்கூடத் தோட்டத்துல கட்டிட்டு வந்துட்டேன்” என்றான் லெஸ்டர்.

டெஸ்மண்ட் பல்லைக் கடித்தான். திரையில் அந்தப் பச்சைக் கோடு இன்னும் நெளிந்துகொண்டுதான் இருந்தது.

கம்பி இல்லாமல், ஆனால் கம்பியில் ஓடும் அதே வேகத்தில், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் சாதித்துவிட்டார்கள். சுவரும் கட்டிலும் அலமாரியும் இருக்கும் வீட்டில்தான் ரேடியோ அலை முட்டித் தெறித்து, ஒன்று பத்தாகி, மானத்தை வாங்கியது. அதனால்தான் சோதனை டெஸ்மண்டின் வீட்டில். அனுப்பும் பெட்டி பின்னால் சமையலறையில், வாங்கும் பெட்டி முன்னறையில். அலை தடுமாறாமல் வந்து சேர்ந்தால் திரையில் கோடு நேராக ஓடும்.

திங்கட்கிழமை காலை நேர்க்கோட்டைக் காட்டாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. இன்று ஞாயிறு.

“போன மாசம் இதே வீட்ல ஒழுங்காத்தானேடா வந்துச்சு? மேலதிகாரிங்க வந்து பாக்கறப்பதான் சொதப்பிச்சு.”

“அப்ப நோரீன் ஆஸ்பத்திரியில. வீட்ல நான் ஒருத்தன்தான். இப்ப விசிறி, ரேடியோ, நர்சு, பாக்க வர்ற சனம்... எது அசைஞ்சாலும் இந்தக் கோட்டுக்கு மூக்கு வேர்த்துடுது.”

படுக்கையறையிலிருந்து அவன் மனைவி நோரீனின் குரல் வந்தது. “என்ன, உன் புதுப் பொண்டாட்டி இன்னும் முரண்டு பிடிக்கிறாளா?”

“பிடிக்கிறா. நீ கை காலை ஆட்டாமப் படு கண்ணு. கொஞ்ச நேரம்தான்.”

“வேர்த்துக் கொட்டுது டெஸ். மூச்சு முட்டுது.”

“தெரியும்மா. கோடு நேராகட்டும். முதல் வேலை உனக்கு விசிறி போடறதுதான்.”

“சக்களத்திக்காக என்னை வேக வைக்கறே. வை, வை.” சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்கியது.

லெஸ்டர் தலையைச் சொறிந்தான். “பாவம்டா. இன்னைக்கு விட்டுடலாமா?”

“விட்டுட்டு? நாளைக்கு எட்டுப் பேரும் தெருவுல நிக்கறதா? உக்காரு.”

சிட்னியின் ஜனவரி வெயில் தகரக் கூரையில் படபடவென்று வெடித்தது. டெஸ்மண்ட் திரைச்சீலைகளைச் சுருட்டிக் கட்டினான். ஜன்னல்களை அடைத்தான். பிறகு இருவரும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூக்கு நுனியில் சொட்டிய வியர்வையைக்கூடத் துடைக்காமல் திரையையே பார்த்தார்கள்.

கோடு ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது.

நெளிவு சிறுத்தது. இன்னும் சிறுத்தது. பிறகு, ஒரு கீறல்கூட இல்லாமல், மேசை விளிம்பு மாதிரி நேராக ஓடத் தொடங்கியது.

“அசையாதே” என்று முணுமுணுத்தான் லெஸ்டர். “அசைஞ்சே, கொன்னுடுவேன். பதிவாகட்டும்.”

பதிவானது. முழுவதும் பதிவானது. லெஸ்டர் துள்ளி எழுந்து டெஸ்மண்டின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தான். “பீர் எங்கடா வச்சிருக்கே?”

“நோரீன், ஜெயிச்சுட்டோம்!” என்று கத்தினான் டெஸ்மண்ட்.

“தூங்கட்டும் விடுடா. பாவம், ரொம்ப நேரமா சத்தமே காணோம்.”

அச்சான தாளைக் கையில் எடுத்த டெஸ்மண்ட் புருவத்தைச் சுருக்கினான். “கடைசியா எதை நிறுத்தினே?”

“நான் எதையும் தொடலையே. நீதான் ஏதோ பண்ணினேன்னு நெனச்சேன்.”

“நானும் தொடல.”

இரண்டு பெட்டிகளுக்கும் நேர் நடுவில் இருந்தது ஒரே ஓர் அறை, அதில் ஒரே ஒரு கட்டில். டெஸ்மண்ட் தாளைப் போட்டுவிட்டு ஓடினான்.

இத்தனை நாளும் அந்தக் கோட்டில் ஏறி இறங்கியது நோரீனின் மூச்சு.