ஒரு பாட்டில் கண்மாய்

"பாக் விரிகுடாவுல நாலு எடம் முடிவாயிருச்சு. ஏரி, கண்மாயில ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பாங்க. எதுன்னு இன்னைக்குச் சொல்லணும்" என்றார் அன்புமொழி. தண்ணீரில் இருக்கும் நோய்க்கிருமிகளைப் பற்றிப் பல நாடுகள் சேர்ந்து நடத்தப்போகும் ஆய்வுக்குப் புதுக்கோட்டையில் அவர்தான் பொறுப்பு.

"எங்க ஊர்க் கண்மாய எடுங்க மேடம்" என்றாள் ஸ்வீட்டி. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள். இலுப்பூர் பக்கம் ஒரு கிராமம். "வீட்டுக்கு வீடு மஞ்சக்காமாலை. என் தம்பி மக திருச்சி ஆஸ்பத்திரியில கெடக்குறா. இந்த சர்வேயில வந்தாத்தான் எங்க ஊரை யாராச்சும் திரும்பிப் பாப்பாங்க."

அன்புமொழி லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒங்கம்மா பஸ்ஸுல குடுத்துவிட்ட சாம்பிளோட ரிசல்ட் இது. பேருக்குக்கூட ஒரு கிருமி இல்லம்மா. ஒங்க கண்மாய வேணாம்னுட்டாங்க. இனிமே நான் சொன்னாலும் எடுபடாது."

ஸ்வீட்டி வெளியே வந்து ஊருக்குப் போன் போட்டாள்.

"நம்ம கண்மாய எடுத்துக்கிட்டாங்களாடி?" ஆவலாகக் கேட்டாள் அம்மா அடைக்கலமேரி.

"அது எங்கிட்டு அள்ளுன தண்ணிம்மா?"

"நம்ம கண்மாயிலதான். நாம குடிக்க அள்ளுற அதே படித்துறை."

"அப்புறம் எப்படிம்மா…"

"வெளிநாட்டுக்காரங்க பாக்குறதாச்சே, ஊரு மானம் போயிரக் கூடாதுல்ல? நல்லாத் தளதளன்னு கொதிக்க விட்டு, வெள்ளத் துணியில வடிகட்டி அனுப்புனேன். நாமதான் அப்படியே குடிக்கிறோம். அவங்களுக்கும் அப்படியேவா குடுக்கிறது?"