நான் வந்துட்டேன்

“இப்ப நீங்க, ‘நான் ஒரு குரங்கு’ன்னு சொல்லிட்டீங்க, அக்கா!”

மெய்லின் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே சிரித்தது. ஹெர்மினியாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், “சரி டீச்சர், மறுபடியும் சொல்லுங்க,” என்றாள்.

“குவா காவ். குரலைக் கீழே இறக்கினா ‘நான் வந்துட்டேன்’. மேலே ஏத்தினா குரங்கு. உச்சியிலேருந்து சட்டுன்னு விழுந்தா நாய்!”

பினோண்டோ என்ற சீனர் பேட்டையில், மருந்துக்கடை மாடியில் மெய்லின் நடத்தும் ஹொக்கியன் சீன வகுப்பு அது. படிக்க வந்தவர்கள் எல்லாரும் சீனர் கடைகளில் வேலை பார்க்கும் இளவட்டங்கள். ஐம்பதைத் தாண்டியவள் ஹெர்மினியா ஒருத்திதான். பிடிபடாமல் திணறியவளும் அவள்தான். மழையில் தெரு முழங்கால் மட்டும் நிரம்பிய அன்று, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவளும் அவள் மட்டும்தான்.

“எங்க தகலோக்ல எந்தக் குரல்ல கத்தினாலும் குரங்கு குரங்குதான்,” என்று அலுத்துக்கொண்டாள். “உங்க பாஷை பேசறதுக்குப் பாட்டு கத்துக்கணும் போலிருக்கே!”

“உங்க பாஷை மட்டும் லேசாக்கும்? துமாத்திங், துமாராத்திங், தாராத்திங்... வந்தாச்சு, வந்துக்கிட்டிருக்கு, வரப்போகுதுன்னு ஒரே சொல்லுக்கு எத்தனை வேஷம்! எங்கப்பா இங்கேயே கடை வெச்சு நரைச்சுப்போனார், இன்னும் அதுல தடுக்கி விழறார். எங்களுக்கு நேத்து வந்தாலும் அதே சொல்லு, நாளைக்கு வந்தாலும் அதே சொல்லு.”

“அதான் கஷ்டம். வந்தாரா, வருவாரான்னு எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? எங்க சொல்லு அதைத் தன் வயித்துக்குள்ளயே வெச்சிருக்கும்.”

“முன்னாடி ‘நேத்து’ன்னு ஒரு வார்த்தை போட்டா முடிஞ்சுது. பயப்படாதீங்க அக்கா. நீங்க அக்காவை ‘ஆத்தே’ங்கிறீங்க, அண்ணனைக் ‘கூயா’ங்கிறீங்க. ரெண்டும் எங்ககிட்டேருந்து வந்ததுதான். பாதி வழி ஏற்கெனவே தாண்டிட்டீங்க.”

பின் வரிசையிலிருந்து ஜோமார் குரல் கொடுத்தான். இரும்புக்கடையில் வேலை பார்ப்பவன், வாய்த்துடுக்கு. “இந்த வயசுல எதுக்கு ஆத்தே இந்தப் பாடு? பணக்காரச் சீனத் தாத்தா யாராவது மாட்டிட்டாரா?”

“மாட்டிட்டார்ப்பா,” என்றாள் ஹெர்மினியா, தலையைத் திருப்பாமல். “அவருக்குத் தகலோக் ஒரு வார்த்தை தெரியாது. அவர் என் பக்கம் வர முடியாதுன்னா, நான்தானே அவர் பக்கம் போகணும்?”

வகுப்பில் விசில் பறந்தது. மெய்லினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

கடைக்கும் வீட்டுக்கும் ஆசைப்பட்டுக் கிழவர்களை வளைத்துப்போடும் பெண்களைப் பற்றி அவளுடைய சித்திகள் குசுகுசுப்பதைக் கேட்டே வளர்ந்தவள் அவள். அந்தப் பேச்சை அடியோடு வெறுத்தவளும்கூட. இருந்தும் அன்று அதே சந்தேகம் அவள் மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

வகுப்பு முடிந்ததும் ஹெர்மினியா அவளிடம் வந்தாள். “ஞாயித்துக்கிழமை என்கூட வர்றீங்களா டீச்சர்? அவர் முன்னாடி சரியாப் பேசறேனான்னு பாத்துச் சொல்லணும்.”

மெய்லின் ஒப்புக்கொண்டாள். அந்த மனிதரை எச்சரிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்றும் நினைத்தாள்.

ஹெர்மினியா அவளை அழைத்துப்போனது ஒரு மருத்துவமனையின் தோட்டத்துக்கு. மாமரத்து நிழலில், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

பக்கவாதம் வந்தவரையா? மெய்லினுக்கு உடம்பே கொதித்தது.

ஹெர்மினியா சட்டையைச் சரிசெய்துகொண்டு, மூச்சை இழுத்து, குரலைக் கீழே இறக்கினாள். “குவா காவ்.”

பிசிறே இல்லை. பெரியவர் நிமிர்ந்து புன்னகைத்தார். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். கஞ்சியை ஆற்றி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள். அவர் கூச்சத்தோடு நெளிந்தார்.

மெய்லின் சீனப் பெண் என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மடமடவென்று ஹொக்கியனில் பேசினார்.

“நீயே இந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லும்மா. தினமும் வர்றாங்க, ரொம்ப நல்லவங்க. ஆனா எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. என் பெண்டாட்டி வந்து பாத்தா மனசு கஷ்டப்படுவா. இனிமே வர வேண்டாம்னு சொல்லிடு.”

நல்லவேளை, அவரே சொல்லிவிட்டார்! மெய்லின் ஒரு சொல் விடாமல் தகலோக்கில் மொழிபெயர்த்தாள். கொஞ்சம் கடுமையாகவே.

ஹெர்மினியாவின் முகம் மாறவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மெய்லின் சொல்லிக்கொடுக்காத ஒரு வாக்கியத்தை, எங்கே யாரிடம் கற்றாளோ, ஒவ்வொரு ஒலியாக ஏற்றி இறக்கி, தவறே இல்லாமல் கேட்டாள்.

“உங்க பெண்டாட்டி பேரு என்ன?”

பெரியவரின் கண் பளபளத்தது. “ஹெர்மினியா,” என்றார்.

“அவர் ஞாபகத்துலேருந்து தகலோக்கும் போச்சு, என் முகமும் போச்சு, மிச்சம் இருக்கிறது அவர் சின்ன வயசுல பேசின பாஷை ஒண்ணுதான், டீச்சர்,” என்றாள் அவள், கஞ்சிக் கிண்ணத்தை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு. “‘அவளை எப்படிக் கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?’ன்னு கேக்கணும், நாளைக்கு அதைச் சொல்லிக்குடுங்க.”